பெர்காமோ மைதானத்தில் லூச்சானோவின் இடம்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சென்ட்ரல் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். அங்கிருந்து பம்பாய், ரோம், மிலான் என்று நான் போக வேண்டியிருந்த தூரம் ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ஜனவரி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. கும்மிடிப்பூண்டி நடைமேடையில் புதுப் பெட்டியும், மேலாளர் இரவல் கொடுத்த கம்பளிக் கோட்டுமாகப் பாசஞ்சருக்குக் காத்திருந்தேன். திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று இரண்டு முறை தோன்றியது.

நான் வேலை செய்வது கம்பி இழுக்கும் தொழிற்சாலையில். தடித்த இரும்புக் கம்பியை அச்சுத் துளைகள் வழியாக இழுத்து மெல்லியதாக்கும் இயந்திரங்கள் எங்களிடம் நான்கு இருந்தன. நான்கும் இத்தாலியிலிருந்து வந்தவை. அவற்றைப் பிரித்துப் பூட்டிப் பழகி வருவதற்காக ஆறு வாரப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்து, ஃபிட்டர் வேலைக்கு வந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது தெரிந்தேதான் இருந்தது. ஆனால் அந்த நாட்டில் என்னைப் பார்க்க, இறந்துபோன நண்பன் ஒருவனின் குடும்பம் காத்திருந்தது. அதுதான் என் பயம்.

வழியனுப்ப என் மனைவியின் அண்ணன் கன்னியப்பன் முந்தின நாளே குப்பத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஏரியில் மீன் பிடிப்பவர், அதிகம் பேசாதவர். ரயில் வரும் ஓசை கேட்டதும் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மாப்ளே, அவரு தனியா குளிக்கப் போனாருன்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். அதயும் மீறி அவங்க அப்பா கேட்டாருன்னா, படகை நிறுத்துனது நான்தான்னு சொல்லிடு. நான் இங்க கீறேன். என்னை இன்னா பண்ணிடப் போறாங்கோ?"

அப்படிச் சொல்ல முடியாது மச்சான் என்றேன்.

"சொல்றத கேளு. நீ அவங்க ஊட்டுல உக்காந்து சோறு துன்னப் போற. நான் போவப் போறதில்ல."

ரயில் கிளம்பியது. பொன்னேரி தாண்டும்போது வயல்களில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அத்திப்பட்டில் உப்பளங்கள் வெயிலுக்கு முன்னமே வெளுத்துக் கிடந்தன. ஏழரை மணிக்கு சென்ட்ரல் போய்ச் சேர்ந்தேன்.

விமானப் பயணத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பம்பாயில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ரோமில் இறங்கியபோது மழை. மிலானில் இறங்கியபோது என் வாயிலிருந்து புகை வந்தது. அங்கிருந்து ரயிலில் ஐம்பது கிலோமீட்டர் வடக்கே லேக்கோ என்ற ஊர். ஒரு பக்கம் பாறை மலை, ஒரு பக்கம் ஏரி, நடுவில் கம்பி ஆலைகளும் பட்டறைகளும். எங்கள் இயந்திரங்களைச் செய்யும் பட்டறை அங்கேதான் இருந்தது. தொழிலாளர் விடுதியில் ஓர் அறை கொடுத்தார்கள். என் சன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். இரண்டாம் நாளிலிருந்து சன்னலைத் திறக்கவில்லை.

லூச்சானோவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் இயந்திரங்களை நிறுவ அந்தப் பட்டறை அனுப்பி வைத்தவன் லூச்சானோ. வயது இருபத்தெட்டு, என்னைவிட ஒன்று குறைவு. ஏழு மாதம் கும்மிடிப்பூண்டியில் இருந்தான். காலையில் தொழிற்சாலைக்குள் நுழையும்போதே எல்லோரிடமும் "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்பான். அதுதான் அவன் முதலில் கற்றுக்கொண்ட தமிழ். என் பெயர் ஏகாம்பரம். அவன் வாயில் அது நுழையாது. ஏகா என்று கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குப்பத்துக்கு வந்து பையன்களோடு மணலில் பந்து விளையாடுவான். தன் ஊர் அணியைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, அதன் ஆட்டக்காரர்களின் பெயர்களைக் குப்பத்துப் பையன்கள் எல்லோருக்கும் மனப்பாடமாக்கிவிட்டிருந்தான்.

அவன் ஊர் திரும்புவதற்கு மூன்று வாரம் இருந்தது. நான் இத்தாலி கிளம்பியதற்கு முந்தின வருட ஜனவரியில் ஒரு ஞாயிறு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். மச்சானின் படகில் மூன்று பேரும் போனோம். அங்கே தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. இறங்கிக் குளிக்கலாமா என்று லூச்சானோ கேட்டான். மச்சான் கழியை ஊன்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இன்னைக்கு இழுப்பு ஜாஸ்தியா கீது மாப்ளே. மழைக்கு அப்பால மணலு எங்க கீதுன்னே தெரியல. அந்தாண்ட போயி நிறுத்தலாம்."

நான் தொழிற்சாலை வேலைக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. நான்கு வருடமாக அந்தத் தண்ணீரில் நான் இறங்கியதே இல்லை. ஆனால் வெளிநாட்டு நண்பனின் முன்னால் எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "நான் இங்கயே பொறந்து வளந்தவன் மச்சான். இங்க இடுப்பளவுதான். நிறுத்து" என்றேன். அவனைப் பார்த்து, இறங்கு என்று கை காட்டினேன்.

இடுப்பளவு இல்லை. ஏரித் தண்ணீர் கடலுக்கு வடியும் நேரம் அது. மணல்மேடு இருந்த இடத்தில் அந்த வருடப் புயல் ஒரு பள்ளத்தைத் தோண்டியிருந்தது. அவன் ஒரே ஒருமுறை "ஏகா" என்று கூப்பிட்டான். நான் குதித்தேன். என்னையும் இழுத்தது. மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டார். மறுநாள் விடியற்காலை இரண்டு மைல் தள்ளிக் கடற்கரையில் அவனைக் கண்டெடுத்தோம்.

போலீஸ்காரர் கேட்டபோது, நாங்கள் கரையில் இருந்தோம், அவன் தனியாகக் குளிக்கப் போனான் என்று சொன்னேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். மச்சான் என் முகத்தைப் பார்த்தார், ஆனால் மறுத்துப் பேசவில்லை. நான் சொன்னதைத்தான் மேலாளர் கடிதமாக எழுதி லூச்சானோவின் வீட்டுக்கு அனுப்பினார். பெட்டியில் வைத்து ஆணியடித்த உடல், மீனம்பாக்கத்திலிருந்து ஊர் போய்ச் சேர்ந்தது.

அவன் அக்கா ரோசா, பெர்காமோவில் பள்ளிக்கூட ஆசிரியை. பயிற்சிக்கு நான் வருவது பட்டறை மூலம் தெரிந்து, கும்மிடிப்பூண்டி முகவரிக்கே ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தம்பி தன் எல்லாக் கடிதங்களிலும் உங்களைப் பற்றி எழுதினான், அப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார், ஒரு ஞாயிறு வாருங்கள், அவர் உங்களைக் கால்பந்தாட்டத்துக்கு அழைத்துப் போவார் என்று இருந்தது. முதல் ஞாயிறு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். இரண்டாம் ஞாயிறு பட்டறையில் வேலை என்றேன். மூன்றாம் ஞாயிற்றுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

ஞாயிறு, காலை ஒன்பது பத்து. லேக்கோவிலிருந்து பெர்காமோ முப்பத்துமூன்று கிலோமீட்டர். போக வரச் சீட்டு எழுநூறு லிரா. நம் பணத்தில் ஒன்பது ரூபாய்க்குச் சற்றுக் கீழே. ஒற்றைத் தடத்தில் ரயில் ஊர்ந்தது. வெளியே மூடுபனி. வயல்கள் இருக்கின்றன என்பது தந்திக் கம்பங்களுக்கு இடையில் தெரிந்த கறுப்பு மண்ணிலிருந்துதான் புரிந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த முதியவர் என் கோட்டைப் பார்த்துவிட்டு, பொத்தானை மேல்வரை போடும்படி சைகை காட்டினார்.

பெர்காமோ இரண்டு ஊர். மேலே மலையில் மதில் சூழ்ந்த பழைய ஊர். கீழே சமவெளியில் ரயில், ஆலை, கடைவீதி எல்லாம். நிலைய வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ரோசா ஒல்லியாக, கறுப்புக் கோட்டில் இருந்தாள். பக்கத்தில் குள்ளமான, தோள் அகன்ற மனிதர். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் வார்ப்பட ஆலையில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற அவள் அப்பா, பத்தீஸ்தா. கண்கள் அப்படியே லூச்சானோ. என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். மிகக் கவனமாக, ஒவ்வோர் எழுத்தாக, "நாஷ்டா ஆச்சா?" என்றார்.

மகன் ரோசாவுக்கு எழுதிய கடிதத்தில் படித்து வைத்திருந்தாராம். நான் தலையை ஆட்டினேன்.

அவர்கள் வீடு நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடை, மூன்றாம் மாடி. அம்மா பல வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். சோளமாவைக் களி போலக் கிண்டி, பலகையில் கொட்டி, நூலால் அறுத்து வைத்தார்கள். அதன்மேல் முயல் கறியும் சாறும். சுவரில் லூச்சானோவின் படம் இருந்தது. எங்கள் தொழிற்சாலை வாசலில் நான் எடுத்த படம் அது. பத்தீஸ்தா பேசுவார், ரோசா ஆங்கிலத்தில் சொல்வாள், என் அரைகுறை ஆங்கிலத்தில் நான் பதில் சொல்வேன். மகன் எந்த அறையில் தங்கினான், யார் சமைத்தார்கள், கொசு கடித்ததா என்றெல்லாம் கேட்டார். அந்த ஞாயிற்றைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. என் தட்டில் இரண்டாம் முறையும் கறி வைத்தார். மச்சான் சொன்னது சரி. அந்தச் சோறு எனக்கு இறங்கவே இல்லை.

பகல் ஒரு மணிக்குக் கிளம்பினோம். தெருவெல்லாம் ஆண்கள் ஒரே திசையில் நடந்தார்கள். எங்கும் கூச்சலில்லை. திருவிழாவுக்குப் போகிறவர்களைப் போல இல்லாமல் ஏதோ ஒரு கடமைக்குப் போகிறவர்களைப் போல, கையில் செய்தித்தாளும் கக்கத்தில் சின்ன மெத்தையுமாகப் போனார்கள். மெத்தை, சிமென்ட் படியின் குளிரிலிருந்து காத்துக்கொள்ள.

அன்று மோதிய அணிகளின் பெயர்கள் இங்கே பலருக்குத் தெரியாது. லூச்சானோவின் ஊர் அணியைச் சிற்றூர் அணி என்றும் எதிரணியைப் பெருநகர் அணி என்றும் எழுதுகிறேன். இத்தாலியின் முதல் நிலைப் போட்டியில் பதினாறு அணிகள். கடைசியில் வரும் மூன்று அணிகள் அடுத்த வருடம் கீழ்நிலைக்கு இறக்கப்படும். பெருநகர் அணியிடம் பணம் இருந்தது. ஆலை முதலாளிகள் அதன் பின்னால் இருந்தார்கள். நாட்டுக்காக ஆடும் நான்கைந்து பேர் அதில் ஆடினார்கள். சிற்றூர் அணியில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத்துப் பையன்கள். மீதிப் பேர் பெரிய அணிகள் வயதாகிவிட்டது என்று அனுப்பிவிட்டவர்கள். அன்று அவர்கள் கீழிருந்து நான்காம் இடம். தோற்றால் இறக்கும் கோட்டுக்குக் கீழே போய்விடுவார்கள் என்று ரோசா விளக்கினாள். அவளுக்கும் இது புதிது. அவள் அதுவரை மைதானத்துக்குள் வந்ததே இல்லையாம்.

வாசலில் குதிரைப் போலீஸ். எங்கள் இடம் நீளவாட்டுப் பக்கத்தில், எட்டாவது வரிசை. நம் ஊரில் ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுப்பதுபோல் அங்கே மைதானத்துக்கு எடுக்கிறார்கள். அப்பாவுக்கும் மகனுக்கும் பக்கத்துப் பக்கத்து இடம், பதினோரு வருடமாக. அவன் இறந்த பிறகும் பத்தீஸ்தா இரண்டு இடத்துக்கும் கட்டணம் கட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த இடத்தில் தன் கோட்டை மடித்து வைப்பாராம். அன்று கோட்டைக் கழற்றாமல், மெத்தையைத் தட்டிப் போட்டு, என்னை உட்காரச் சொன்னார். பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எனக்குக் கை கொடுத்தார்கள். லூச்சானோவின் நண்பன், இந்தியாவிலிருந்து வந்தவன் என்று அவர் முன்னரே சொல்லி வைத்திருந்தார். பக்கத்து இடத்துக்காரர் ரோசாவுக்காக ஒரு படி இறங்கிப் போய் நின்றுகொண்டார்.

இரண்டரை மணிக்கு விசில் ஒலித்தது. மூடுபனி சற்று விலகி, எதிர்க் கோல் கம்பம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

சென்னையில் நான் பார்த்த ஆட்டங்களில் பந்து எங்கே போகிறதோ அங்கேதான் எல்லோரும் ஓடுவார்கள். இங்கே சிற்றூர் அணி ஓடவில்லை. பத்துப் பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் வேலி போல நின்றார்கள். ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்து, கையால் இடம் காட்டி, இரண்டடி முன்னே இரண்டடி பின்னே என்று அசைந்தார்கள். பெருநகர் அணியின் ஆட்டம் கண்ணுக்கு அழகு. பந்து அவர்கள் காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. இடப்புறம் ஆடிய ஒருவன் மூன்று பேரைத் தாண்டி வந்து அடித்தான். கோல் காப்பாளர் விரல் நுனியால் தட்டிவிட்டார். பதினைந்தாயிரம் பேர் ஒரே மூச்சை விட்டதுபோல் ஓர் ஓசை. அப்புறம் மறுபடியும் மௌனம். பத்தீஸ்தா கைகளை முழங்காலில் ஊன்றி, உதடு அசைய, வேலியில் நிற்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பெயர்கள் தெரிந்திருந்தன. குப்பத்து மணலில் பையன்கள் கத்திய பெயர்கள்.

அரைமணி நேரம் ஆகியும் சிற்றூர் அணி ஒருமுறைகூட எதிர்க் கோலை நோக்கி அடிக்கவில்லை. அவர்கள் எப்போது தாக்குவார்கள் என்று கேட்டேன். ரோசா கேட்டுச் சொன்னாள். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் ஆட்டம் என்றார் பத்தீஸ்தா.

இடைவேளை. கோல் இல்லை. பத்தீஸ்தா காப்பி வாங்கப் படியிறங்கிப் போனார். அவர் முதுகு மறையும்வரை காத்திருந்துவிட்டு ரோசா என் பக்கம் திரும்பினாள்.

"ஒன்று கேட்க வேண்டும். என் தம்பி இந்த ஏரிகளில் வளர்ந்தவன். நன்றாக நீந்துவான். காற்றில்லாத ஒரு நாளில், தனியாகப் போய், எப்படி மூழ்கினான்?"

அவள் தொடர்ந்தாள். தம்பி இந்தியாவுக்குப் போவதில் அப்பாவுக்கு விருப்பமில்லையாம். கிளம்பிய நாளில் இருவருக்கும் பேச்சில்லை. கடிதங்கள் எல்லாம் அவளுக்குத்தான் வந்தன. நீந்தத் தெரிந்தவன் தனியாகப் போய் மூழ்கினான் என்றால், அவன் சாக வேண்டுமென்றே போயிருப்பான் என்று அப்பா நினைக்கிறார் என்றாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பதின்மூன்று மாதமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

என் பொய்யால் எனக்கு மட்டும்தான் பாரம் என்று அதுவரை நம்பியிருந்தேன். அது இந்த வீட்டுக்குள் வந்து என்ன செய்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சொன்னேன். படகை, மச்சான் எச்சரித்ததை, நான் நிறுத்தச் சொன்னதை, இறங்கு என்று கை காட்டியதை, போலீஸ்காரரிடம் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான்மேல் போடவில்லை. ஆங்கிலத்தில் வார்த்தை கிடைக்காத இடங்களில் கையால் காட்டினேன். அவள் கையுறையைக் கழற்றி, திரும்பவும் மாட்டிக்கொண்டாள். கீழே மூன்று காகிதக் குவளைகளோடு பத்தீஸ்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார்.

"இதை உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்" என்றாள் ரோசா. "நீங்கள் சொல்லுங்கள். நான் ஒரு வார்த்தையும் மாற்றாமல் அவருக்குச் சொல்கிறேன். ஆனால் ஆட்டம் முடியட்டும். வாரத்தில் இந்த இரண்டு மணி நேரம்தான் அவர் எதையும் நினைக்காமல் இருக்கிறார்."

காப்பியில் சாராயம் கலந்திருந்தது. சூடாகத் தொண்டையில் இறங்கியது. குடித்தால் குளிர் தெரியாது என்று பத்தீஸ்தா என் தோளைத் தட்டினார்.

இரண்டாம் பாதியில் நான் ஆட்டத்தைவிட அதிகமாக அவரைத்தான் பார்த்தேன். சுற்றிலும் டிரான்சிஸ்டர்கள் முணுமுணுத்தன. மற்ற மைதானங்களின் நிலவரம் வந்துகொண்டிருந்தது. கீழே இருக்கும் இன்னோர் அணி எங்கோ கோல் போட்டுவிட்டதாகச் செய்தி வந்ததும் வரிசை வரிசையாக முகங்கள் இறுகின. பெருநகர் அணி அலை அலையாக வந்தது. எழுபதாம் நிமிடத்தில் பந்து கோல் காப்பாளரைத் தாண்டிவிட்டது. எங்கிருந்தோ வந்த ஒரு தடுப்பாட்டக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும், கோட்டின்மேல் விழுந்து நெற்றியால் வெளியே தள்ளினான். கம்பத்தில் மோதி ரத்தம் வழிய எழுந்தான். பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு ஆட வந்தான். அப்போதும் கூட்டம் ஆர்ப்பரிக்கவில்லை. எழுந்து நின்று, மெதுவாகக் கை தட்டியது.

கடைசிப் பத்து நிமிடம். பதினைந்தாயிரம் பேரும் கடிகாரத்தைப் பார்த்து, முடிந்துவிடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மைதானத்தில் முடியக் கூடாது என்று நினைத்தவன் நான் ஒருவன்தான்.

நாலே கால் மணிக்கு முடிந்தது. கோல் எதுவும் இல்லை. சிற்றூர் அணிக்காரர்கள் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பத்தீஸ்தாவின் கண்கள் கலங்கியிருந்தன. என் கையைப் பிடித்துக் குலுக்கி, நீ வந்த ராசி என்றார். ரோசா அதை மொழிபெயர்க்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

கூட்டம் கலையும்வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள் அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, அவள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். கீழே புல்லில் பள்ளம் விழுந்த இடங்களை இரண்டு ஆட்கள் மிதித்துச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். பத்தீஸ்தா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் மூன்று கேள்விகள் கேட்டார். தண்ணீர் குளிராக இருந்ததா. இல்லை என்றேன். கூப்பிட்டானா. ஒருமுறை என்றேன். யாரை. என்னை.

பிறகு அவர் பேசினார். குரல் உயரவில்லை. ரோசா வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

"தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. அதற்கு உன்னை நான் என்ன சொல்வது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அவன் இறங்கியிருப்பான். ஆனால் பதின்மூன்று மாதம். அவன் தனியாகப் போகவில்லை என்று எனக்கு ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லையா?"

அவர் மெத்தையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்களுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போய்விட்டார். ரோசா என்னை நிலையம்வரை கொண்டுவந்து விட்டாள். ரயில் வந்தபோது, அவர் இனி உங்களைப் பார்க்க வரமாட்டார் என்று நினைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மீதி மூன்று வாரமும் வேலையில் கழிந்தது. அச்சுகளை மாற்றவும், பல்சக்கரங்களைச் சீர் செய்யவும் கற்றேன். இரவல் கோட்டின் பையில் அந்த ஆட்டத்தின் தேதி போட்ட ரயில் சீட்டு இருந்ததைப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். பத்தீஸ்தாவுக்கு எழுத வேண்டிய கடிதத்தை ஐந்து முறை தொடங்கினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, காலை பதினோரு மணி. விடுதிக் காவலாளி வந்து கீழே யாரோ காத்திருப்பதாகச் சொன்னார். பத்தீஸ்தா, தனியாக. கையில் வார்ப்பட ஆலையில் படம் வரையப் பயன்படுத்தும் பெரிய தாள் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார். சாப்பாட்டு அறை மேசையில் அதை விரித்து, நான்கு மூலையிலும் குவளைகளை வைத்தார். பென்சிலை என்னிடம் நீட்டினார். ரோசா இல்லை. எங்களுக்குள் பொதுவான மொழி இல்லை. ஆனால் என்ன கேட்கிறார் என்று புரிந்தது.

வரைந்தேன். ஏரியை, குப்பத்தை, முகத்துவாரத்தை, கடலை. படகு நின்ற இடத்தை. மணல்மேடு இருப்பதாக நான் நினைத்த இடத்தையும், பள்ளம் இருந்த இடத்தையும். தண்ணீர் எந்தப் பக்கம் வடிந்தது என்று அம்புக்குறி போட்டேன். அவர் வார்ப்படக்காரர், படம் பார்க்கத் தெரிந்தவர். அம்புக்குறியின்மேல் விரலை வைத்து ஆழம் கேட்டார். என் தலைக்கு மேல் கையை உயர்த்திக் காட்டினேன். படகைத் தொட்டு, எத்தனை பேர் என்பதுபோல் விரல்களை விரித்தார். மூன்று என்று காட்டினேன். பெயர்களை எழுதச் சொன்னார். யோசிக்காமல் தமிழிலேயே எழுதிவிட்டேன். அவற்றை அடித்துத் திருத்தப் போனபோது என் கையைத் தடுத்தார். கன்னியப்பன் என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டி யார் என்று கேட்டார். துடுப்புப் போடுவதுபோல் காட்டி, என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் தலையசைத்தார்.

இரண்டரை மணி ரயிலுக்கு நிலையம்வரை கூடப் போனேன். பெட்டியில் ஏறி, சன்னலை இறக்கி, வெளியே குனிந்து ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. ஆறு வாரத்தில் நான் பட்டறையில் கற்ற நாலைந்து இத்தாலியச் சொற்களுக்குள் தேடினார், நானும் தேடினேன். தண்ணீர் என்றார். பிள்ளைகள் என்றார். நீந்துவதுபோல் கையை அசைத்து, என்னைச் சுட்டி, வாயருகே விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினார். அங்கே பிள்ளைகள் குளிப்பார்கள் அல்லவா, அவர்களிடம் நீ சொல் என்கிறார்.

சொல்கிறேன் என்று தமிழில் சொன்னேன். அவருக்கு அது புரிந்தது. ரயில் நகர்ந்தது.

திரும்பி வந்து நான்கு வருடம் ஆகிறது. இதைப் படிக்கிற உங்களில் யாராவது பழவேற்காடு பக்கம் ஞாயிற்றுக்கிழமை வந்தால், முகத்துவாரத்தில் தண்ணீருக்குள் சிவப்புத் துணி கட்டிய மூங்கில்கள் நட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அதைத் தாண்டி இறங்காதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் நானும் மச்சானும் படகில் போய்க் கழியை ஊன்றி ஊன்றி ஆழம் பார்த்து அவற்றை நடுகிறோம். ஒவ்வொரு வருடமும் மணல் இடம் மாறிவிடுகிறது. ஒவ்வொரு வருடமும் பழைய மூங்கிலைப் பிடுங்கி, புதிய இடத்தில் நடுகிறோம்.